தன்னை அறிதலும் தன்னை வளர்த்தலும்

சிவமயம்

நந்திமலைப் பக்கத்தே தோன்றிக் கன்னட நாட்டைக் கடந்து வரும் தென்பெண்ணையாறு, தமிழகத்துட் புகும் எல்லையை அடுத்து முதற்கண் தங்குமிடம் ஓசூருக்கு அணித்தாயுள்ள கெலவரப்பள்ளி அணை. அவ்வணையினின்றும் ஆற்றின்வழியே கீழ்நோக்கிச் செல்வார்க்குக் கிருட்டிணகிரி அணையும், சாத்தனூர் அணையும், திருக்கோவலூரும், திருவெண்ணெய்நல்லூரும், திருத்துறையூரும் முறையே எதிர்ப்படும். பின்னர்க் கடலூர்ப் பக்கத்தே ஆறு கடலொடு கலக்கும். திருவெண்ணெய்நல்லூர் சுந்தரமூர்த்தி நாயனாரை இறைவன் ஓலை காட்டித் தடுத்தாட்கொண்ட தலம் என்பதும், மெய்கண்டதேவ நாயனார் சிவஞானபோதம் அருளிச்செய்த தலம் என்பதும் இவ்விதழைப் படிக்கும் அன்பர்க்குப் புதியன அல்ல. அத்திருவாற்றின் தலைமாட்டில் முதுமைக்காலத்தைக் கழிக்கும் யாம், இப்பக்கத்தே அண்மையிற் கண்ட ஒரு விளம்பரத்தை முன்னிட்டுச் சில கூறக் கடமைப்பட்டோம்.

“உன்னை நீயே கண்டறிவாய், உன்னுள்ளே குறைவிலா நிறைவு உளது, அதனை வளர்த்தால் வேண்டுவன யாவும் எய்தலாம்” என்னும் பொருள்பட அவ்விளம்பரம் எழுதப்பட்டிருந்தது. பயிற்சிக்கு மூன்று படிகள். படிதோறும் தனித்தனிக் கட்டணம். நடத்துவார் இன்னார் என்று சுட்டுதல் எம் கருத்தன்று. இத்தகையார் இன்று ஊர்தோறும் உளர்; கைப்பேசியின்வழியே வீடுதோறும் உளர். எம் வழக்கு அவர் கொண்ட கோளோடேயன்றி ஆளோடன்று.

இதனைச் சிறிய செய்தி என்று விட்டுவிடலாகாதோ எனின், ஆகாது. ஓசூர்த் தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள ஊர்களில் வாடகையறைகளில் நால்வர் ஐவராய்த் தங்கி, ஷிப்டு என வழங்கும் முறைவேலையில் இரவைப் பகலாக்கி உழைக்கும் இளைஞர் பல்லாயிரவர். தாய்தந்தையரையும், ஊர்க்கோயிலையும், உடன்பயின்றாரையும் விட்டு வந்தவர்கள் இவர்கள். இயந்திரத்தின் முன் நின்று ஒரே வினையை ஆயிரமுறை செய்து மீளும் ஒருவனுக்கு, “யான் யார்? எதற்காக வாழ்கின்றேன்?” என்னும் வினா எழுதல் இயல்பே. அது நல்ல பசி. முன்னைத் தவத்தாலன்றி எழாத பசி. பசித்தவனுக்கு இடப்படுவது சோறா, பிறிதொன்றா என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

பிறர் கோளை முதற்கண் குறைவறக் கூறிப் பின்னர் மறுத்தலே நூல்முறையாகலின், அவர் கூறுவனவற்றைத் தொகுத்துரைப்பாம். உயிர் தன்னியல்பில் யாதொரு குறைவுமின்றி நிறைந்துளது என்பது அவர் முதற்கோள். அந்நிறைவை உயிர் தன் முயற்சி ஒன்றானே தானே கண்டுகொள்ளும் என்பது இரண்டாவது. அங்ஙனம் கண்டதன் பயன் ஊக்கமும், செல்வமும், எடுத்த வினையில் வெற்றியுமாகிய தன்வளர்ச்சி என்பது மூன்றாவது. இம்மூன்றனையும் அவர் நம் சான்றோர் பெயராலேயே கூறுதலின், கேட்பார் இவை சைவநூற் கருத்தே போலும் என்று மயங்குகின்றனர்.

முதற்கோளை எடுத்துக்கொள்வாம். இயல்பிலே நிறைந்த பொருள் தன்னை மறந்தது எங்ஙனம்? மறதி அதற்கு இயல்பாயின் நிறைவு இயல்பாகாது. மறதி வேறொன்றான் வந்ததாயின், அவ்வேறொன்று யாது, அஃது என்று வந்து பற்றியது என்னும் வினாக்களுக்கு விடை கூறல் வேண்டும். “பெற்றோர் மறைத்தனர், பள்ளி மறைத்தது, சமூகம் மறைத்தது” என்பர். அப்பெற்றோரும் சமூகத்தாரும் உயிர்களே ஆதலின் அவரும் இவர் மதத்தில் நிறைந்த பொருள்களே ஆவர். நிறைவுகள் பல கூடிக் குறைவொன்றைப் பிறப்பித்தல் யாண்டுக் கண்டது? இனி, நிறைந்த குடத்துக்கு நீர் விற்க வருவார் யார்? அந்நிறைவுக்குக் கட்டணம் குறித்த அளவானே தம் முதற்கோளைத் தாமே கைவிட்டார் என்க.

சித்தாந்தம் இவ்விடர்ப்பாட்டினுள் அகப்படாது. உயிர்க்கு இச்சை, ஞானம், கிரியை என்னும் ஆற்றல்கள் இயல்பாகவே உண்டு என்பது எமக்கும் உடன்பாடு. ஆயின் செம்பிற் களிம்புபோல, அநாதியே பற்றிய ஆணவம் அவ்வாற்றல்களை மறைத்து நிற்கின்றது. அதனால் உயிர் எதனைச் சார்ந்ததோ அதன் வண்ணமாய் நிற்கும். பாசத்தைச் சார்ந்துழிப் பாசமாயும், பதியைச் சார்ந்துழிச் சிவமாயும் விளங்கும். ‘யான் நிறைந்தேன்’ என்று உயிர் தருக்குதலே அதன் குறைவுக்குத் தலையாய அடையாளம்.

இதற்கு எம்மூர் ஆற்றினும் ஒருபுடை உவமை உண்டு. கெலவரப்பள்ளி அணையின் மதகுகளைத் திறக்குங்கால் ஆறு முழுதும் வெண்ணுரை பொங்கிக் குவிதலை யாம் பன்முறை கண்டுளோம். பெங்களூர் மாநகரின் கழிவுநீரும் ஆலைக்கழிவும் கலந்து வருதலான் நேர்வது அது. அந்நகரத்துப் பெல்லந்தூர் ஏரியில் 2015ஆம் ஆண்டில் நுரையே தீப்பற்றி எரிந்த செய்தியைப் பலரும் படித்திருப்பர். அவ்வேரி நீரும் ஈற்றில் இவ்வாற்றையே அடைகின்றது. நுரையை முதன்முறை காணும் சிறுவர் பனிமலை வந்தது எனத் துள்ளுவர். அணையின் இருபுறக் கால்வாய்களையும் நம்பிய ஏறத்தாழ 8,000 ஏக்கர் நிலத்து உழவர் துள்ளுவதில்லை. நுரை உயர்தலை ஆறு வளர்ந்ததென்று அவருள் எவரும் கூறார். ஆற்றுக்கு அழுக்கு இடையே வந்தது, உயிர்க்கு ஆணவம் அநாதி. ஆதலின் இவ்வுவமையை முற்றும் பொருத்தலாகாது. அழுக்கினால் நேரும் பருமனை வளர்ச்சியென மயங்குதல் என்னும் அளவிற்கே அதனைக் கொள்க.

இனி இரண்டாங்கோள். உயிர் தன்னைத் தானே, பிறிதொன்றன் துணையின்றிக் காணும் என்பர். கண் பிற பொருள்களைக் காணும். ஆயினும் ஞாயிற்றின் ஒளியோ விளக்கின் ஒளியோ இன்றிக் காணாது. ஒளி உளவழியும், பொருளைக் காணும் கண் தன்னைக் காண்பதில்லை. தன்னைக் காணச்செய்யும் உயிரையும் காண்பதில்லை. உயிரும் அவ்வாறே அறிவித்தால் அறியும் இயல்பினது. அறிவிக்கும் முதல்வன் ஒருவன் இன்றி அறியாது. மெய்கண்டார் தம் நூலின் 12 சூத்திரங்களுள் இதனை எத்துணை இடத்து எவ்வெவ்வாற்றான் நிறுவினார் என்பதைச் சிற்றுரையளவிற் கற்றாரும் அறிவர். வேடரிடத்து வளர்ந்த அரசகுமாரன், தந்தை வந்து உணர்த்துமளவும் தன்னை வேடன் என்றே எண்ணியிருந்தான். அவன் ஆயிரமுறை தனித்திருந்து தன்னை ஆராய்ந்தாலும் ‘யான் நல்ல வேடன்’ என்னும் முடிபிற்கே வந்திருப்பான். ஐம்புலன்களிடத்து வளரும் நம் நிலையும் அஃதே.

அற்றேல், மூன்று நாள் மௌனமாயிருந்தார் பலர் அமைதியை அடைந்ததாகக் கூறுகின்றனரே, அது பொய்யோ எனின், பொய் என்னேம். உழைத்துக் களைத்தவன் மூச்சினை ஒழுங்குபடுத்தி வாளாவிருப்பின் மனம் அடங்கும்; உடலுக்கும் நலமுண்டு. அதனை விலக்குதல் எம் கருத்தன்று. அங்கே அடங்கியதும் விளங்கியதும் அந்தக்கரணங்களே. அவை முப்பத்தாறு தத்துவங்களுட்பட்டவை. அவற்றின் அமைதியைக் கண்டு தன்னைக் கண்டேன் என்பவன், வீட்டின் கதவைக் கண்டு வீட்டுக்குரியானைக் கண்டேன் என்பவனை ஒப்பான். தத்துவரூபம், தத்துவதரிசனம், தத்துவசுத்தி, ஆன்மரூபம், ஆன்மதரிசனம், ஆன்மசுத்தி, சிவரூபம், சிவதரிசனம், சிவயோகம், சிவபோகம் என்னும் தசகாரியங்களை நோக்குக. தன்னைக் காணுதலாகிய ஆன்மதரிசனம் பத்தனுள் ஐந்தாவது. அதன்மேல் ‘யான் செய்தேன்’ என்னும் தற்போதம் கழலும் ஆன்மசுத்தி உளது. அதற்கும் மேல் நான்கு உள. ஐந்தாவதையே முடிந்த முடிபென விற்பார், அதனைத்தானும் விற்கின்றாரல்லர்; முதலாவதன் வாயிலையே விற்கின்றனர்.

அவ்வமைதி நிலைபெறாமைக்குக் காரணம் சிவஞானசித்தியார் கூறிய பாசி உவமையால் விளங்கும். பாசி படர்ந்த குளத்திற் கல்லெறிந்தால் விழுந்த பொழுது பாசி விலகி நீர் தோன்றும்; சிறிது நேரத்தில் மீண்டும் மூடிக்கொள்ளும். முகாமினின்று மீண்டவன் திங்கட்கிழமை இயந்திரத்தின் முன் நிற்குங்கால் பாசி மூடுகின்றது. அவன் அடுத்த கல்லைத் தேடுகின்றான். கல் விற்பாரும் உளர். சரியை, கிரியை, யோகம் என்னும் படிகள் நாடோறும் பாசியைக் களைதற்கு அமைந்தவை. இருவினையொப்பும் மலபரிபாகமும் வந்து சத்திநிபாதம் நிகழுமளவும் அக்களைதல் ஓயாது. அதற்கு நாட்கணக்குக் கூறுதல் நம் ஆசிரியர்க்கு இயலாதாயிற்று, இவர்க்கு இயல்கின்றது.

மூன்றாங்கோள், தன்னை அறிதலின் பயன் தன்வளர்ச்சி என்பது. ஓசூர் மலைமேல் எழுந்தருளியிருக்கும் பெருமான் திருப்பெயர் சந்திரசூடேசுவரர். மதியைச் சூடினவர் என்பது பொருள். தக்கன் சாபத்தால் நாடோறும் தேய்ந்த மதி, தன்னை ஆராய்ந்தமையால் வளர்ந்ததன்று. தேய்கின்றேன் என்று அஞ்சி இறைவன் திருமுடியை அடைந்தமையால் வளர்ந்தது. அடைந்தபின்னும் ஒரு கலையளவாகவே அங்கே வைகுகின்றது. மலைப்படி ஏறுவார் ஒவ்வொருவரும் இப்பெயரைச் சொல்லியே ஏறுகின்றனர். பொருளை நினைவார் சிலரே.

எல்லைக்கு அப்பாலுள்ள கன்னட நாட்டினின்றும் ஒரு சான்று காட்டுவாம். சாமரசர் கன்னடத்தில் இயற்றிய பிரபுலிங்கலீலையைத் துறைமங்கலம் சிவப்பிரகாச சுவாமிகள் தமிழிற் செய்தருளினார். அதன்கண் வரும் கோரக்கர் வரலாறு கற்றார் அறிந்ததே. கோரக்கர் யோகமுயற்சியால் உடம்பை வச்சிரமாக்கிக் கொண்டவர்; வாள்கொண்டு எறிந்தாலும் உடம்பு ஊறுபடாது ஒலித்தது. அதனை அவர் பெருமையாகக் காட்டினார். அல்லமதேவரோ தம்மேல் வாளை வீசச் செய்தார். வாள் வெளியிற் சென்றாற்போல ஊடுருவிச் சென்றது. தடுத்தற்கு அங்கே ‘யான்’ என ஒன்று இல்லை. கோரக்கர் தம் வளர்ச்சியின் சிறுமையை அப்பொழுதே உணர்ந்தார். வீரசைவர்க்கும் நமக்கும் முத்திநிலை முதலியவற்றில் வேறுபாடு உண்டு எனினும், தன்னை வளர்த்தல் வேறு, தன்னை இழத்தல் வேறு என்னும் இவ்வொன்றில் இருதிறத்தார்க்கும் வழக்கில்லை.

இங்ஙனம் மறுத்தவழி, “தன்னை அறிந்தவனுக்குக் கேடில்லை என்று திருமூலரே அருளினாரே; நான் யார் என்று விசாரிக்குமாறு இரமண முனிவரும் பணித்தாரே; அவர்களையும் மறுப்பீரோ?” என்று கடாவுவர். திருமூலர் ஒன்பது தந்திரங்களால் அருளியதில் ஒரு செய்யுளை மட்டும் பிரித்தெடுத்துச் சுவரில் எழுதுதல் நூற்கு இழைக்கும் வஞ்சனை. பதியும் பசுவும் பாசமும் மூன்றும் அநாதி என்று கூறியவர் அவரே. தன்னை அறிதல் என்பது தான் பசு என்று அறிதல் என அம்மூன்றொடும் வைத்துக் கொள்ளுதலே முறை.

இரமண முனிவர் வரலாறு இன்னும் தெளிவாய் எமக்கே சான்றாகின்றது. மதுரையிற் சிறுவராயிருந்தபொழுது அவர் உள்ளத்தை உருக்கியது பெரியபுராணம். தம்முள் மாறுதல் நிகழ்ந்தபின்னும் மீனாட்சியம்மை திருக்கோயிலில் அறுபத்துமூவர் திருவுருவங்களின் முன் நின்று, அவர்க்கு வாய்த்த அன்பு தமக்கும் வாய்க்கவேண்டுமெனக் கண்ணீர் பெருக்கினார். 1896ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 29ஆம் நாள் வீட்டைவிட்டு நீங்குங்கால் எழுதிவைத்த கடிதத்தில், தந்தையைத் தேடி அத்தந்தையின் ஆணைவழியே செல்வதாகக் குறித்தார். தம்மைத் தேடிச் செல்வதாகக் குறித்தாரல்லர். ‘நான்’ என்று தொடங்கிய அக்கடிதம் இடையே ‘இது’ என்று மாறிற்று. கையெழுத்திடும் இடம் வெறுமையாய் விடப்பட்டது. அண்ணாமலைக்குச் செல்லும் வழியில் அவர் இருந்து தியானித்த அறையணிநல்லூர்க் கோயிலும் இப்பெண்ணையாற்றின் கரையதே. பின்னர் 1902ஆம் ஆண்டளவிற் சிவப்பிரகாசம் பிள்ளை வினாவ அவர் விடையளித்த ‘நான் யார்?’ என்னும் விசாரணை, ‘நான்’ என்பதை ஒழித்தற்கு வந்ததேயன்றிக் கொழுக்கச் செய்தற்கு வந்ததன்று. அவர் கொள்கையும் நம் கொள்கையும் எல்லாவற்றானும் ஒன்று என்று யாம் கூறவில்லை. அவர் பெயரால் ஊக்கமும் பதவியுயர்வும் விற்பார்க்கு அவர் துணையாகார் என்பதே யாம் கூறுவது.

சுந்தரமூர்த்தி நாயனாரையும் நோக்குக. இறைவன் நேரே வந்து வழக்காடி, மூல ஓலை காட்டி, ‘நீ எம் அடிமை’ என்று நிறுவி ஆட்கொண்டான். அவர் யார் என்பது அம்பலத்தில் அனைவரும் அறியத் தெளிவாயிற்று. இதற்குமேல் தன்னை அறிதல் எஞ்சியது யாது? எனினும் அவர் அடுத்துத் திருத்துறையூரை அடைந்து இறைவனிடம் வேண்டியது தவநெறியையே. தாம் யார் என்று தாமே கண்டாரல்லர். பிறன் ஒருவன் ஓலைகொண்டு காட்டக் கண்டார். கண்டபின் நிறைந்தேன் என்று இருந்தாருமல்லர்.

இவ்வளவும் பிறரை நோக்கிக் கூறினோம். இனிக் கூறப்புகுவது நம்மை நோக்கி.

திருத்துறையூரில் வாழ்ந்தவர் சகலாகம பண்டிதர். ஆகமம் அனைத்தையும் கற்றமையால் அப்பெயர் பெற்றார். மெய்கண்டார்தம் தந்தையாராகிய அச்சுத களப்பாளர்க்குக் குலகுரு. அவர்தம் மாணாக்கர் வெண்ணெய்நல்லூரில் சிறு பிள்ளையொருவர்பாற் சென்று பாடங் கேட்கின்றனர் என்று அறிந்து, அப்பிள்ளையை ஆராயத் தாமே சென்றார். மெய்கண்டார் ஆணவமலத்தை விளக்கிக்கொண்டிருந்தார். ‘ஆணவத்தின் உருவம் யாது?’ என்று பண்டிதர் வினாவினார். மெய்கண்டார் வாய்திறந்து ஒன்றும் கூறாது, நின்ற பண்டிதரை அடிமுதல் முடிவரை நோக்கினார். பண்டிதர்க்கு விளங்கிற்று. அப்பிள்ளையின் திருவடியில் வீழ்ந்தார். அருணந்தி சிவாசாரியராய் எழுந்தார்.

தன்னை அறிதற்கு நம் மரபிலுள்ள தலையாய சான்று இதுவே என்பது எம் துணிபு. சகலாகமமும் கற்ற பண்டிதர் அதுகாறும் அறியாதது ஒன்றே. தாம் நிற்கும் நிலை. அதனை அவர் தாமே காணவில்லை, காட்டக் கண்டார். காணப்பட்டதும் நிறைவன்று, மலம். பின்னர்ச் சித்தியார்ப் பரபக்கத்தில் பதினான்கு மதத்தாரை மறுத்த அவ்வாசிரியர், அதற்கு முன்னர்த் தாம் ஒருமுறை மறுக்கப்பட்டவர். அம்மறுப்பினைப் பெறாது பிறரை மறுக்கப் புகுவார் எம்போல்வார். யாம் மறுக்கப்பட்ட வகையை ஈண்டு மறையாது உரைத்தல் முறையாம்.

சில ஆண்டுகளின் முன்னர்த் தென்மாவட்டத்தினின்று ஆலைவேலைக்கு வந்த இளைஞன் ஒருவன் எம் திண்ணைக்கு வந்தான். “ஐயா, நான் யார் என்று அறியவேண்டும் என மனம் கிடந்து தவிக்கின்றது. எந்த நூலிலிருந்து தொடங்கலாம்?” என்றான். யாம், “தம்பி, நன்னூல் கற்றதுண்டா? தருக்கம் பயின்றதுண்டா? அவையின்றிச் சாத்திரத்தைத் தொடுதல் கூடாது” என்றோம். அவன் மும்மலம் பற்றி ஏதோ வினாவினான். வினாவிற்கு விடை கூறாது அவன் ழகரத்தைத் திருத்தினோம். திருமடத்தில் யாம் பயின்ற காலத்துக் கற்ற முறை அதுவே என்று அன்று எமக்குப் பெருமிதமும் இருந்தது. அவன் வணங்கிச் சென்றான். ஓராண்டு கழிந்து மீண்டும் வந்தபொழுது மெலிந்திருந்தான். நாம் விலக்கியவனை விளம்பரம் அழைத்துக்கொண்டது. இரண்டு படிகள் முடித்திருந்தான். சேர்த்துவைத்த பொருள் தீர்ந்திருந்தது.

“அங்கே என்ன கற்றாய்?” என்றோம்.

“எனக்கு வரும் நன்மையும் தீமையும் நானே வரவழைப்பவை என்று கற்றேன், ஐயா. ஆலையில் ஆள்குறைத்தபொழுது என் ஒப்பந்த வேலையும் போய்விட்டது. என் எண்ணத்தில் இன்னும் குறை இருப்பதனால்தான் போயிற்று என்கின்றார்கள். மூன்றாம் படியில் அது நீங்குமாம். அதற்குப் பணம் இல்லை” என்றான்.

நிறைவு நிறைவு என்று தொடங்கிய கொள்கை முடியுமிடம் இது. வென்றவன் நிறைந்தவன், தோற்றவன் தன் குறையால் தோற்றான். ஆலைமுதலாளிக்கும் வாணிகநிலைக்கும் இதிற் பங்கில்லை, அருளுக்கும் இடமில்லை. தனித்து நிற்கும் ஓர் உயிரின் தலைமேல் உலகத்துப் பாரம் முழுதும் ஏற்றப்படுகின்றது.

“நீவிரும் வினை என்று கூறி அதனையே செய்கின்றீரன்றோ?” என்று அவர் எம்மைக் கேட்கலாம். கேட்கத்தக்க வினாவே. வினை உண்டு, அது தானே வந்து பற்றாது, ஊட்டுவானும் உளன், அவன் பேரருளாளன் என்பது சித்தாந்தம். தன் துன்பத்தில் ஒருவன் வினையை எண்ணி அமைதல் பணிவு. பிறன் துன்பத்தில் ‘உன் வினை’ என்று கூறி வாயிலடைத்தல் ஆணவம். இறைவனிடத்தும், அடியாரிடத்தும், எவ்வுயிரிடத்தும் அன்பில்லாதார் தம்மிடத்தும் அன்பில்லாதாரே என்னும் கருத்தைச் சித்தியார் பன்னிரண்டாஞ் சூத்திரத்தே காண்கின்றோம்.

திலகவதியார் செய்ததனை நினைமின். மருணீக்கியார் உண்மையைத் தேடியே சமண் புகுந்தவர். அங்கே நூல் பல கற்றுத் தருமசேனர் என்னும் பட்டமும் பெற்றவர். தேட்டத்திற் குறைவில்லை, கல்வியிற் குறைவில்லை. சூலைநோய் வந்தபொழுது இரண்டும் உதவாது, இரவிலே தமக்கையார் இருந்த திருவதிகைத் திருமடத்து வாயிலை அடைந்தார். தமக்கையார் ‘எந்நூல் கற்றனை?’ என்று கேட்கவில்லை. ‘உன் வினை’ என்று கூறவும் இல்லை. திருவைந்தெழுத்தோதித் திருநீறு அளித்து, தாம் திருவலகும் மெழுக்குத் தோண்டியும் கொண்டு திருக்கோயிற்பணிக்குச் செல்லும்பொழுதே அவரையும் உடனழைத்துச் சென்றார். திருநாவுக்கரசர் தம்மை அறிந்தது அங்கே, கோயில் வாயிலில். பின்னர் அவர் வாழ்நாள் முழுதும் கையில் ஏந்தியது உழவாரம்.

எம் திண்ணைக்கு வந்தவனுக்கு யாம் திலகவதியாராக இல்லை. அவன் பொருளைப் பிறர் கொண்டனர் என்று சினந்தோம். அவனை அவர்பால் அனுப்பியது எம் செருக்கே என்பது அன்று எதிரே அமர்ந்திருந்த அவன் முகத்தை நோக்கியவழி எமக்கு விளங்கிற்று. அவன் எம்மைப் பழித்து ஒரு சொல்லும் கூறவில்லை. அதுவே போதுமாயிருந்தது.

அன்றுமுதல் ஞாயிறுதோறும் மாலையில் அவனும் அவன் அறைத்தோழர் சிலரும் வருகின்றனர். நன்னூல் கேட்பதில்லை. உமாபதி சிவம் அருளிய திருவருட்பயனின் நூறு குறட்பாக்களை, வாரத்துக்கு இரண்டு மூன்றாகப் பொருள்சொல்லிப் படிக்கின்றோம். அவருள் தெலுங்கும் கன்னடமும் வீட்டுமொழியாக உடையாரும் உளர். பொருள் விளங்குகின்றது, ழகரம் மெல்ல வரும். படித்தபின் திருநீறிட்டுக்கொண்டு பதிகமொன்று ஓதிக் கலைகின்றோம். அவ்விளைஞன் வேறோர் ஆலையில் வேலை பெற்றான்; இரவுமுறை வந்த வாரங்களில் வாரான். அவன் தன்னை அறிந்தான் என்று யாம் கூறமாட்டோம். யாம் அறிந்தோம் என்றும் கூறமாட்டோம்.

ஆதலின், சைவநன்மக்காள், தன்னை அறிவித்தலை வாணிகமாக்கினாரை மறுத்தல் நம் கடனே; அக்கடனை ஆற்றினோம். ஆயினும் பசித்து வருவார்க்கு நம் மடங்களும் கழகங்களும் வாயில் அடைத்திருக்குமளவும் எம்மறுப்பும் அவர் செவியில் ஏறாது. தொழிலூர்களில் வாழும் அன்பர் ஒவ்வொருவரும் வாரத்தில் ஒரு மாலையைத் திண்ணையிற் கழிக்கலாகாதா? வருவான் எந்நிலையினனாயினும் திருநீறு அளித்து, கோயிற்பணிக்கு உடன்கொண்டு சென்று, அவன் வினாவிய வினாவிற்கு அவனறிந்த சொல்லால் விடை கூறுதல் அரிதோ? சிவஞானபோதம், ஞானம் கைவந்தபின்னும் உயிரைத் தனியே விட்டுவிடவில்லை. பத்தாஞ் சூத்திரத்தில் இறைபணியில் நிறுத்திற்று. இறுதிச் சூத்திரத்தில் மலம் கழுவி, அன்பரொடு கூட்டி, அடியார் வேடத்தையும் ஆலயத்தையும் அரனெனவே தொழச் செய்து முடிந்தது. தன்னை அறிந்தான் சென்று சேருமிடம் திருக்கூட்டமே. அக்கூட்டத்தில் புதியான் ஒருவனுக்கு நாம் இடம் ஒதுக்கித் தருகின்றோமா என்பதை ஒவ்வொருவரும் தம் திண்ணையை நோக்கித் தாமே விடை காண்க.

திருச்சிற்றம்பலம்